கட்டுச்சோறு மட்டும் கொண்டு வருகிறேன்

சேசு மரி சூசை

வண்டன்மேடு,
1934 ஆகஸ்டு

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் கத்தரீனாள் அவர்களுக்குச் சூசையப்பன் வணக்கத்தோடு எழுதுவது. மாதா காவலில் பெருமாட்டி ஊரில் உங்கள் வீட்டுக்கும் காட்டுக்கும் குறை ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைச் சந்தையிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய நிலக்கடலை மூட்டை கம்பம் வழியாக வந்து சேர்ந்தது. வழியில் மழை பிடித்துக்கொண்டதால் பாதி நனைந்துவிட்டது. நான் பார்க்கிற வேலைதான் உங்களுக்குத் தெரியுமே, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்குக் காவல். காயோடு காயாகக் கடலையையும் தட்டில் பரப்பிக் காயவைத்தேன். இப்போது அது ஏலக்காய் மணக்கிறது. எஸ்டேட் லயத்து ஆட்கள் அந்தக் கடலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். உங்கள் கைராசி.

இங்கே காய் எடுப்பு தொடங்கிவிட்டது. மழை விட்டபாடில்லை. பெண்கள் காலையில் நனைந்துகொண்டு காட்டுக்குள் போனால் சாயங்காலம் அட்டைக்கடியோடு நனைந்துகொண்டு திரும்புகிறார்கள். மலையில் உடம்பு காய்ந்திருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று என்னைக் கேலி செய்கிறார்கள். அது உண்மையும்தான்.

மாப்பிள்ளை சுவக்கீனுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு நீங்கள்தான் இதை வாசித்துக் காட்டுவீர்கள். ஞானஜோதி பக்கத்தில் இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தி, அப்பா சுகமாம், கடலை கிடைத்ததாம் என்று சொல்லி மடித்து வையுங்கள். மீதியை அவள் கோவிலுக்குப் போனபிறகு வாசியுங்கள்.

சம்பந்தியம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. முதலாவது, மருமகள் அடுப்புக் கட்டியைச் சுரண்டித் தின்கிறாள் என்பது. "மசக்கைக்குப் புளி திங்கறவளைப் பாத்திருக்கறனுங்க, மண்ணுத் திங்கறவளை இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று நீங்கள் சொன்னதை மாப்பிள்ளை அப்படியே எழுதியிருந்தார். சிரித்துவிட்டேன். அடுத்த வரியில், கிணற்றிலிருந்து குடத்தோடு வருகிறவள் பாதி வழியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுகிறாள் என்றும், கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது என்றும் இருந்தது. அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது, ஏழாம் மாதம் நான் கட்டுச்சோறு கொண்டுவந்து அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக நாள் குறிக்கச் சொன்னது. உங்கள் பக்கத்து முறை எனக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவர்கள் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். கட்டுச்சோறு கொண்டு வருகிறேன். பெண்ணை அழைத்துப் போகமாட்டேன். பெற்றவன் இப்படி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

காரணத்தைக் கேளுங்கள். என் சவரியம்மாளும் மண் தின்றவள். ஞானஜோதியைச் சுமந்தபோது கறையான் புற்று மண்ணைச் சுட்டு முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். அந்தத் தடவை எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அடுத்த பிரசவத்தில் கால் வீங்கி, முகம் வெளுத்து, லயத்துப் படி ஏறவே சுவரைப் பிடித்தாள். வலி எடுத்ததும் கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் கம்பத்துக்கு இறக்கினோம். ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. அடிவாரம் போய்ச் சேருமுன்னே தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. அவளைப் பெற்றவளையும் இதே பாதையில்தான் தூளி கட்டி இறக்கினார்களாம். அப்போது சவரியம்மாள் சின்னப் பிள்ளை, ஞானஜோதி இருந்த அதே வயது.

அதனால் லயத்தில் இவர்களைச் சோகைக் குடி என்பார்கள். ஞானஜோதியைப் பெண் கேட்டு வந்தவர்கள் அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் திரும்பிப் போனார்கள். நீங்கள் வந்தபோது நானே முந்திக்கொண்டு சொன்னேன். "எங்கப்பனோட தங்கச்சி பேத்தி அவ. அவளுக்குச் சோகைன்னா எனக்கும்தானுங்க இருக்கோணும்" என்று சொல்லித் தட்டை மாற்றச் சொன்னீர்கள். அந்தப் பேச்சுக்கு நான் ஆயுசு முழுவதும் நன்றி சொன்னாலும் தீராது.

நீங்கள் அன்று சொன்னதைத்தான் இப்போது அடுப்பின் முன்னால் உட்கார்ந்து யோசிக்கிறேன். உங்கள் அப்பாவும் என் மாமியாரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பஞ்சத்துக்குப் பிறகு பாகம் பிரிந்தபோது அண்ணனுக்குக் காடும் கிணறும் கிடைத்தது. தங்கைக்கு ஒரு ஜோடித் தோடும் நிலமில்லாத புருஷனும் கிடைத்தது. அவர்கள் வேலை தேடி மலையேறினார்கள். அண்ணனுக்கு ஒரே மகளான நீங்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரையும் மாட்டுப் பாலையும் குடித்து, அறுபதை நெருங்கும்போதும் கடலைக்காட்டில் ஆண்களை முந்திக்கொண்டு நிற்கிறீர்கள். தங்கை வீட்டுப் பெண்கள் ஆண்கள் தின்றது போக மிச்சம் இருந்தால் தின்று, பொழுதுக்கும் ஈரத்தில் நின்று, பாதி வயதில் போய்ச் சேர்ந்தார்கள். ரத்தம் ஒன்றுதானே. குறை ரத்தத்தில் இல்லை, இந்த மலையில் நாங்கள் பிழைக்கிற பிழைப்பில் எங்கேயோ இருக்கிறது. என்னவென்று சொல்ல எனக்கு அறிவில்லை.

தயவுசெய்து அவளை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். இங்கே கம்பவுண்டர் எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் கொடுக்கிறார். வீட்டிலும் என்னைத் தவிர ஆள் இல்லை. பெற்ற அப்பன் பிரசவச் செலவுக்குப் பயந்துவிட்டான் என்று ஊர் பேசும். பேசட்டும். நீங்களும் அவர்களோடு சேர்ந்து என்னைத் திட்டுங்கள், எனக்குச் சம்மதம். அவளை மட்டும் மலையேற்றாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் கைகூப்பிக் காத்திருக்கும்,
சூசையப்பன்


சேசு மரி சூசை

வண்டன்மேடு,
1934 அக்டோபர்

என் மரியாதைக்குரிய சம்பந்தியம்மாளுக்கு,

கட்டுச்சோறு முடிந்து பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். மீனாட்சிபுரம் ஸ்டேஷனில் மாப்பிள்ளை ரயிலேற்றிவிட்டபோது நன்றி சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. எழுத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் அதிகம். அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் சோற்றுக்கு. பக்கத்து லயத்து முத்துப்பேச்சியும் நானும் விடிய எழுந்து ஆக்கிய சோறு அது. மலையிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, ரயில் மாறி வருவதற்குள் தயிர்ச்சோறு திண்டுக்கல்லிலேயே பொங்கிவிட்டது. எலுமிச்சஞ்சோறும் பொள்ளாச்சியில் மணக்க ஆரம்பித்தது. தலையைக் குனிந்துகொண்டுதான் உங்கள் வீட்டுக்குள் வந்தேன். நீங்கள் மூடியைத் திறந்து பார்த்தீர்கள், பாத்திரங்களை அடுப்படிக்குள் தூக்கிக்கொண்டு போனீர்கள். பந்தி போடும்போது பார்த்தால், நான் கொண்டுவந்த அதே பாத்திரங்களில் புதுச்சோறு. "சம்பந்தி கொண்டாந்த சோறுங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்று எல்லாருக்கும் பரிமாறிவிட்டீர்கள். உங்கள் பங்காளி ஒருவர் என்னிடம் வந்து, மலைநாட்டுக் கைப்பக்குவமே தனி என்றார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அடுத்தது, நான் பயந்துகொண்டிருந்த பேச்சு. உங்கள் கொழுந்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பொண்ணைக் கூட்டிட்டுப் போகாததுக்கு எதுக்குங்க கட்டுச்சோறு" என்று கேட்டார். பந்தியே கையை நிறுத்தி என்னைப் பார்த்தது. உடனே நீங்கள் சாதக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "இவளோட அம்மாயி பொறந்தது இந்த ஊட்லதானுங்க. எங்கப்பன் பொறந்த அதே அறையில. தாயூட்டுல இருக்கற புள்ளைய வேற எந்தத் தாயூட்டுக்குங்க அனுப்பறது?" கொழுந்தனார் மோர் கேட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் அப்போது கை கழுவப் போனதாக நீங்கள் நினைத்திருக்கலாம். கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் மாமியார் ஒரு ஜோடித் தோட்டோடு வெளியேறிய வீட்டில் அவள் பேத்திக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு இருபது வருஷமாக அந்தக் குடும்பத்தோடு சம்பந்தம், இதுதான் அவளுக்கும் தாய்வீடு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாலக்காட்டு டாக்டரம்மா சொன்னதாக நீங்கள் சொன்னவை எல்லாம் என்னோடு மலைக்கு வந்துவிட்டன. வயிற்றுக்குள் கொக்கிப்புழு என்று ஒன்று இருந்துகொண்டு ரத்தத்தைக் குடிக்கிறது, அதனால்தான் சோகையும் மண் தின்கிற ஆசையும் என்றார்களாம். ஆட்கள் வெளிக்குப் போகிற ஈர மண்ணில் அது இருக்கும், வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறும் என்றார்களாம். புழுவுக்கு மருந்து பிரசவத்துக்குப் பிறகுதான், இப்போதைக்கு இரும்பு மருந்தும் ஈரலும் கீரையும் என்றார்களாம். எல்லாம் கேட்டேன், சரி சரி என்று தலையாட்டினேன். ரயிலில் தனியாக உட்கார்ந்தபோதுதான் வெறுங்கால் என்ற வார்த்தை எனக்குள் இறங்கியது.

ஏலக்காய் எட்டிப் பறிக்கிற உயரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பி மண்ணோடு படர்ந்து கிடக்கும், பூவும் காயும் அதில்தான். செருப்புக்கால் பட்டால் சரம் நசுங்கும் என்று பெண்களை வெறுங்காலோடுதான் காட்டுக்குள் விடுவார்கள். வெளிக்குப் போக அவர்களுக்கு இருப்பதும் அதே காடு. இதில் பெண்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஒரு பூக்கூட மிதிபடாமல் பாதத்தால் தடவிப் பார்த்து நடக்கிறவளைக் கால் தெரிந்தவள் என்று சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அதை விசாரிப்பார்கள். சவரியம்மாள் அப்படிப் பேர் வாங்கினவள். ஞானஜோதிக்கு ஐந்து வயதிலேயே விரலைப் பிடித்துக்கொண்டு அந்த நடையைக் கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு அவள் அம்மா கற்றுக்கொடுத்தது அது. நிலமோ நகையோ இல்லாதவர்கள் மகளுக்குக் கொடுக்க முடிந்த சீதனம் அந்த நடை ஒன்றுதான், அதன் வழியாகவே புழுவும் வந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் மொக்கையன் கங்காணியிடம் போய் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "பொம்பளைக்கு எதுக்குவே செருப்பு, கல்யாணத்துக்கா போறா" என்று சிரித்தார். அவரும் முதலாளியும் அதே காட்டில் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள், அவர்கள் காலில் நசுங்கின சரத்தை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. இதையும் சொல்லிவிட்டு வந்தேன். முத்துப்பேச்சியிடம் சொன்னபோது அவளும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "செருப்புப் போட்டா கால் தெரியாதவன்னு பேராயிரும்ணே. ஞானஜோதி நல்லபடியா பெத்து எந்திரிச்சுட்டான்னு சேதி வரட்டும், அப்பப் பாப்பம்" என்கிறாள். லயம் முழுக்க என் மகளின் பிரசவத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஞானஜோதி எனக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதியிருந்தாள். ஒரே புகார். தினமும் ஈரல், தினமும் முருங்கைக்கீரை, அதுவும் மாப்பிள்ளை உட்காரும்போதே தனக்கும் இலை போட்டுவிடுகிறீர்களாம். தான் சாப்பிட்டு முடிக்கிறவரை நீங்கள் எதிரில் உட்கார்ந்து காவல் காக்கிறீர்களாம். மருமகளுக்குப் பிறகு மாமியார் சாப்பிடுவது எந்த ஊர் வழக்கம் என்று என்னிடம் கேட்கிறாள். எனக்குத் தெரியாது, அது எந்த ஊராக இருந்தாலும் அங்கேயே இரு என்று பதில் போட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் தினமும் அடுப்புக்கு விறகு தள்ளும்போது ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிறேன். அடுப்பு அடிக்கடி விறகு கேட்கிறது, அதனால் செபத்துக்குக் குறைவில்லை. நீங்களும் அவள் தலையில் கைவைத்து ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு மாதா செவிகொடுப்பாள்.

உங்கள் வீட்டுச் சோற்றைத் தன் சோறு என்று பேர் வாங்கிக்கொண்ட,
சூசையப்பன்


சேசு மரி சூசை

வண்டன்மேடு,
1934 கிறிஸ்துமஸ் கழிந்த வாரம்

என் மரியாதைக்குரிய சம்பந்தியம்மாளுக்கு,

உங்கள் கடிதம் திருநாள் கழிந்த மறுநாள் வந்தது. தபால்காரர் நீட்டியதும் வாங்கப் பயந்து, நீங்களே பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் வாசித்துவிட்டு, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். ஸ்டோர் வாசலில் ஈரக் காய் மூட்டையோடு நின்ற பெண்கள் எல்லாரும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூன்றாவது தடவை வாசிக்கச் சொன்னார்கள். அவருக்கு ஏலக்காய் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினோம்.

பிறகு நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். வலி இரண்டு நாள் நீடித்ததையும், பிள்ளை பிறந்தபிறகு உதிரம் நிற்காமல் போனதையும், டாக்டரம்மா நாலு மாதம் மருந்து சாப்பிட்ட உடம்பு என்பதால்தான் தாங்கியது என்று சொன்னதையும் படித்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தீர்களாம். நர்ஸ் வெளியே போகச் சொன்னதற்கு, "நான் இவளைப் பெத்தவளுங்க, எங்க போகச் சொல்றீங்க" என்றீர்களாம். மாப்பிள்ளை இதை எழுதியிருக்காவிட்டால் நீங்கள் சொல்லியிருக்கவே மாட்டீர்கள். மலையேற்றாதீர்கள் என்று மட்டும்தான் நான் கேட்டேன். நான் கேட்கத் தெரியாததையெல்லாம் நீங்கள் செய்திருக்கிறீர்கள். இதற்கு எந்த வார்த்தையும் போதாது, ஆனாலும் சொல்கிறேன், நன்றி, சம்பந்தியம்மா.

குழந்தை பெண் என்று எழுதின இடத்தில் மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினது போலத் தெரிந்தது. பேனா மையும் அங்கே சிந்தியிருக்கிறது. தயங்க வேண்டாம், மாப்பிள்ளை. நான் ஒரே ஒரு பெண்ணைப் பெற்றவன், எனக்கு ஒரு குறையும் வரவில்லை.

இங்கத்துச் செய்தி. முத்துப்பேச்சி கம்பம் சந்தையில் தோல் செருப்பு வாங்கிவந்துவிட்டாள். காட்டு முனைவரை போட்டுக்கொண்டு போகிறாள், உள்ளே போகும்போது கங்காணி பார்த்தால் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள், அவர் தலை மறைந்ததும் மறுபடி போட்டுக்கொள்கிறாள். இப்போது இன்னும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். முதலாளியிடம் பெண்களுக்குக் கக்கூஸ் குழி வெட்டித் தரச் சொல்லி எல்லாருமாகக் கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்றிருக்கிறார். ஞானஜோதிக்குப் புழு மருந்து கொடுக்கப் போகிற நாளில் அவள் முரண்டு பிடிப்பாள், சின்ன வயதிலிருந்தே மருந்தென்றால் ஓடுவாள். என் பெயரைச் சொல்லி அதட்டிக் குடிக்கவையுங்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் என்று சாமியார் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்குள் காய் எடுப்பு ஓய்ந்துவிடும், நானும் வந்துவிடுவேன். பெயர் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பதால் இந்தக் கடிதத்தை எனக்கு முன்னால் அனுப்புகிறேன்.

குழந்தைக்குச் சவரியம்மாள் என்று வைக்கலாம் என்று சொல்லி எழுதச் சொன்னீர்கள். முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரைத்தான் வைப்பது முறை. உங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்து என் மனைவியின் பெயரைச் சொன்னீர்கள். படித்ததும் ஸ்டோருக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் கண் சிவந்ததற்குப் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேண்டாம், சம்பந்தியம்மா. நீங்கள் கொடுக்க நினைத்ததே எனக்குப் போதும். குழந்தைக்குக் கத்தரீனாள் என்றே வையுங்கள். சவரியம்மாள் தன் பெண் பெரியவளானதைக்கூடப் பார்க்கவில்லை. அவளைப் பெற்றவளும் பார்க்கவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் நான் செபத்தில் நினைத்துக்கொள்கிறேன். பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் வேண்டாம். பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மகனை ஒரு அதட்டும் மருமகளை ஒரு அதட்டும் போட்டுக்கொண்டு இருக்கிற ஒருத்தியின் பெயர் அவளுக்கு வேண்டும்.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, காலில் செருப்போடு, கடலைக்காட்டில் ஓடட்டும். எனக்காக இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் மாதாவிடம் கேளுங்கள். ஞானஜோதி நரைத்துக் கிழவியாக வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை ஒருத்தியும் ஆனதில்லை.

இப்படிக்கு,
கத்தரீனாளின் தாத்தா
சூசையப்பன்